பவளத் தொட்டி: ஆல்கலினிட்டியை அளந்து ஈடுகட்டுவது எப்படி?

பவளத் தொட்டி வைத்த முதல் மாதத்திலேயே கால்சியம், ஸ்ட்ரான்சியம், அயோடின் என்று பாட்டில் பாட்டிலாக வாங்கி அடுக்குகிறார்கள். தொடக்கத்தில் அதெல்லாம் வேண்டாம். உப்பின் அளவு, ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட், கார்பனேட் அளவு), நைட்ரேட், பாஸ்பேட் இவை நான்கும் ஆடாமல் நின்றால் போதும். மீதி, வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றும்போது புது உப்போடு வந்துவிடும்.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுத் தொட்டி ஒன்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பவளம் தேடிப் போக வேண்டாம். திட்டு கட்டும் கல் பவளங்கள் அத்தனையும் அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்து வரக் கூடாது.

படி 1: தண்ணீர்

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரமின் கலக்கிறார்கள். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் போய்விடும் என்பது இதற்குப் பொருந்தாது. நல்ல கார்பன் வடிகட்டி, ஆர்ஓ சவ்வு, கடைசியில் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் மூன்றையும் தாண்டி வரும் தண்ணீரில், கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். குடிநீருக்கான ஆர்ஓ இயந்திரம் உதவாது. அவற்றில் பல, சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கின்றன.

உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவில், அதாவது ஒப்படர்த்தி 1.026 வரும்படி கலக்குங்கள். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை, 35 என்று குறித்த அளவுத் திரவத்தை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே அன்றாடம் குறைவதை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. புதுத் தொட்டியில் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும், அது மாறி உண்டாகும் நைட்ரைட்டும் 0 ஆக வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை பவளம் வாங்காதீர்கள்.

படி 2: ஆல்கலினிட்டியை அளப்பது

பவளம் தன் எலும்பைக் கட்ட, தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. ஆல்கலினிட்டி 2.8 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) குறைந்திருக்கும். கால்சியம் ஏற்கெனவே 420 இருப்பதால் அதில் 20 போனாலும் பெரிதாகத் தெரியாது. ஆல்கலினிட்டியோ 8.5லிருந்து 5.7க்கு இறங்கிவிடும், பவளத்துக்கு அது ஆபத்து. அடிக்கடி அளக்க வேண்டியது ஆல்கலினிட்டியைத்தான்.

தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டி டெஸ்ட் கிட்டால் அளவெடுங்கள், விளக்கு எரியத் தொடங்குமுன் எடுத்தால் வசதி. சிரிஞ்சில் தண்ணீரை இழுத்ததும் நுனியில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். சிறு குமிழிகூடக் கணக்கைக் கெடுக்கும். கிட்டில் உள்ள வினைபொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்றி, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிறத்தைக் கவனியுங்கள். நீலம் மங்கி ஒரு கணம் சாம்பலாகும், அடுத்த சொட்டில் சிவப்பு தட்டும். நான் பயன்படுத்தும் கிட்டில் அப்படி. உங்களுடையதில் வேறு நிறமாக இருக்கலாம். எந்தச் சொட்டில் நிறுத்துகிறீர்களோ, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துங்கள்.

படி 3: கணக்கு

தொட்டியில் உண்மையில் 100 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல், மணல் அடைத்த இடத்தைக் கழித்த கணக்கு இது. எதையும் சேர்க்காமல், தண்ணீரும் மாற்றாமல் மூன்று நாள் விடுங்கள். திங்கள் 8.6, வியாழன் 7.4 என்றால் நாளுக்கு 0.4 செலவு.

100 லிட்டரில் 1 டிகேஹெச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். அது நம் வீட்டு ஆப்பசோடாதான். பேக்கிங் பவுடர் வேறு, அதைத் தொடாதீர்கள். நாளுக்கு 0.4 என்றால் 1.2 கிராம். 60 கிராமை 1 லிட்டர் ஆர்ஓ-டிஐ தண்ணீரில் கரைத்துவைத்தால் தினம் 20 மில்லி ஊற்றலாம். ஆல்கலினிட்டியோடு கால்சியமும் செலவாவதால் அதற்கு, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 52 கிராமை இன்னொரு லிட்டரில் கரையுங்கள், அதிலும் 20 மில்லி. இரண்டு கரைசலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் பால் போல வெளுத்துச் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஒன்றைப் பம்பின் வேகமான ஓட்டத்தில் ஊற்றி, குறைந்தது கால்மணி நேரம் கழித்து மற்றதை ஊற்றுங்கள்.

எந்த எண்ணைக் குறிவைப்பது? 7.5 முதல் 9 வரை எதுவானாலும் சரி. 8.2இலேயே நிற்கும் தொட்டி, 7க்கும் 10க்கும் இடையே ஆடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். ஏற்ற வேண்டியிருந்தால் ஒரு நாளில் 1 டிகேஹெச்சைத் தாண்டாதீர்கள்.

கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1280 முதல் 1350 பிபிஎம். இவை இரண்டையும் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஆல்கலினிட்டியும் கால்சியமும் என்ன செய்தும் பிடி கொடுக்கவில்லையென்றால், முதலில் மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள்.

பிஹெச் 7.9 காட்டுகிறது என்று ஏற்றும் மருந்து வாங்க ஓடாதீர்கள். ஏசி போட்டு அடைத்த அறையில் நம் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுதான் பெரும்பாலும் காரணம். சன்னலைத் திறந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

படி 4: நைட்ரேட், பாஸ்பேட்

இவை 0 ஆனால்தான் தொட்டி சுத்தம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பவளத்துக்குள் வாழும் பாசிக்கும் இந்த ஊட்டம் வேண்டும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். இரண்டும் 0 ஆனால் பவளம் வெளுக்கும். மணல்மேல் பழுப்பு நிறக் கோழை, நூல்நூலாக, குமிழிகளைக் கோத்துக்கொண்டு எழும்பும். அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரைக் குறைத்து, மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பாஸ்பேட் ஏறினால், அதை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள் கிடைக்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவில் பாதியோடு தொடங்குங்கள். பாஸ்பேட் சட்டென்று விழுந்தால் மெல்லிய கிளைப் பவளங்களின் திசு உரியும். மூன்று நாள் கழித்து அளந்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மீதியைப் போடுங்கள்.