விடுதி அறையில் ஒரு பைபிள் ஸ்டடி: முதன்முறை தொடங்குபவர்களுக்கு

கல்லூரி ஊழியம் என்றதும் மேடை, கிட்டார், வெளியூர்ப் பிரசங்கியார் என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. நான் சொல்லப்போவது அதைவிடச் சின்ன வேலை: நாலைந்து மாணவர்கள் வாரம் ஒருமுறை ஓர் அறையில் உட்கார்ந்து நற்செய்தி நூலைப் படிப்பது. நடத்துபவர்களும் மாணவர்கள்தான். 1729-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் வெஸ்லியும் நண்பர்களும் தொடங்கி, பிறகு அவர் அண்ணனும் மெதடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடியுமான ஜான் வெஸ்லி முன்னின்று நடத்திய குழுவும் இதே அளவுதான். கிரேக்கப் புதிய ஏற்பாட்டைச் சேர்ந்து படித்தார்கள், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார்கள். கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். உங்களையும் செய்வார்கள், பரவாயில்லை.

ஒன்றை முதலில் விசாரித்துவிடுங்கள். கிறிஸ்தவ மாணவர் இயக்கமான எஸ்.சி.எம். (1912), கத்தோலிக்க மாணவர்களின் ஐகஃப் (1924), சுவிசேஷ மாணவர் ஐக்கியமான யூ.ஈ.எஸ்.ஐ. (1954) ஆகிய மூன்றும் இந்திய மாணவர்களிடையே நெடுங்காலமாக இயங்குபவை. உங்கள் வளாகத்தில் இவற்றில் ஒன்றின் குழு ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் அதில் சேருங்கள். போட்டிக்கு இன்னொன்று வேண்டாம்.

படி 1: துணைக்கு ஒருவர்

தனியாகத் தொடங்கினால் உங்களுக்குக் காய்ச்சல் வந்த வாரமே குழு நின்றுவிடும். ஒருவரைத் தேடிக்கொண்டு, சில வாரங்கள் இருவருமாக ஜெபியுங்கள். அவர் வேறு சபைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. சி.எஸ்.ஐ., ஆர்.சி., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பின்னணியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஞானஸ்நானம் எந்த வயதில், அந்நியபாஷை உண்டா இல்லையா என்ற வாக்குவாதங்களை முதல் செமஸ்டரில் தொடவே தொடாதீர்கள்.

படி 2: இடம், நேரம், அனுமதி

சனி, ஞாயிறில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். வாரநாளில், இரவுச் சாப்பாட்டுக்கும் ஸ்டடி ஹவருக்கும் நடுவே 45 நிமிடம் போதும். அறைத் தோழர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவரிடம் கேட்காமல் அங்கே கூடாதீர்கள். கட்டிலில் பாதி அவருடையது.

வார்டனிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்து நடத்தினால் இல்லாத சந்தேகமெல்லாம் வரும். அவர் மறுத்தால் பக்கத்துச் சபையில் ஓர் அறை கேட்கலாம். முழுக்க அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற மற்ற நிறுவனங்களிலும் ஒருவரின் சம்மதமில்லாமல் அவரைச் சமய போதனையில் பங்கெடுக்க வைக்க முடியாது. மிஷன் கல்லூரியில் படிப்பவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அழைப்பது

வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்பினால் கட்டைவிரல் வரும், ஆள் வரமாட்டார். மெஸ்ஸிலோ பஸ்ஸிலோ நேரில் கேளுங்கள்: “புதன்கிழமை நாங்க நாலு பேர் மாற்கு சுவிசேஷம் படிக்கிறோம், வர்றியா?” வேறு மதத்து நண்பரிடமும் இதே வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். பிறந்தநாள் பார்ட்டி என்று கூப்பிட்டு வேதம் திறப்பது ஏமாற்று வேலை. அரியர் பாடத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா, சொல்லிக்கொடுங்கள். அதற்குக் கூலியாக அவர் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வந்தவர் முன்னால் ‘பிரதர்’, ‘ஸ்தோத்திரம்’, ‘பாரம் இருக்கு’ என்று சபைப் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிளாஸில் ‘மச்சான்’ என்று கூப்பிடுகிறவனை இங்கே மட்டும் ‘பிரதர்’ என்றால் அவனுக்கே சிரிப்பு வரும்.

படி 4: கேள்விகள் தயாரிப்பது

உண்மையான உழைப்பு இங்கேதான். நீங்கள் பிரசங்கம் செய்யப்போவதில்லை, கேள்வி கேட்கப்போகிறீர்கள். 16 அதிகாரங்களே உள்ள மாற்கிலிருந்து தொடங்குங்கள். சம்பவங்கள் வேகமாக நகரும், வேதம் புதிதாகப் படிப்பவருக்கும் கதை பிடிபடும். சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்போடு, 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் ஒன்று வைத்திருங்கள். பழைய நடையில் திணறுபவர்களுக்கு உதவும்.

மாற்கு 2:1-12 எடுத்துக்கொள்வோம். கப்பர்நகூமில், நடக்கமுடியாத ஒருவரை நாலுபேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். நீங்கள் தனியாக மூன்றுமுறை வாசித்துவிட்டு மூன்று வகைக் கேள்விகளை எழுதுங்கள்.

முதல் வகை, கண்ணால் பார்த்தே பதில் சொல்லக்கூடியவை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? வாசல் வழியாக ஏன் வரமுடியவில்லை? படுத்திருப்பவர் இந்தப் பகுதியில் ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா? இவை எளிதாக இருக்கட்டும். புதிதாக வந்தவர் வாய்திறக்க இதுதான் வழி.

இரண்டாவது, யோசிக்கவேண்டியவை. சுகம் தேடி வந்தவரிடம் இயேசு ஏன் பாவமன்னிப்பைப் பற்றி முதலில் பேசுகிறார்? ஐந்தாம் வசனம் “அவர்கள் விசுவாசத்தை” என்கிறது, யாருடைய விசுவாசம்? வேதபாரகர் (யூதச் சட்ட அறிஞர்கள்) மனதில் நினைத்தது நியாயமான சந்தேகம்தானா? கடைசிக் கேள்வியைத் துணிந்து கேளுங்கள். கடவுள் ஒருவரைத் தவிர மன்னிக்க யாரால் கூடும் என்பது அவர்களின் வாதம். அதை முழுதாக எடைபோட்டால்தான் இயேசு தம்மைப் பற்றி எவ்வளவு பெரிய உரிமை கோருகிறார் என்பது தெரியும்.

மூன்றாவது, நம் பக்கம் திரும்புபவை. உன்னை யாராவது இப்படிச் சுமந்திருக்கிறார்களா? நம் பிளாக்கில் சுமக்கப்படவேண்டியவர் யார்? இது ஒன்றிரண்டு போதும். அதிகமானால் வாக்குமூலம் வாங்குவதுபோல் ஆகிவிடும்.

மொத்தம் ஏழெட்டுக் கேள்விகள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிகிற கேள்விகளைப் பெரும்பாலும் அடித்துவிடுங்கள். ‘அப்படியானால் நாம் விசுவாசத்தோடு இருக்கவேண்டும் அல்லவா?’ என்பது கேள்வியே அல்ல.

படி 5: நடத்துவது

கேட்டபின் சும்மா இருங்கள். பத்து விநாடி மௌனம் நடத்துபவருக்குத்தான் நீளமாகத் தெரியும், மற்றவர்கள் வசனத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர் எல்லாவற்றுக்கும் மனப்பாடப் பதிலை நீட்டினால், “எந்த வசனத்துல இருக்கு?” என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி, பார்த்தும் சொல்லுங்கள். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். 45 நிமிடம் என்றால் 45 நிமிடம்.

படி 6: மீதி ஆறு நாள்

குழுவில் ஒருவர் இரண்டு வாரம் வரவில்லையென்றால் போய்ப் பாருங்கள். ‘ஏன் வரல?’ என்று விசாரணையாக வேண்டாம், டீ குடிக்கப் போங்கள். ஃபீஸ் கட்டமுடியவில்லை, இன்டர்னலில் போய்விட்டது, வீட்டில் சண்டை, சாதி சொல்லி யாரோ பேசிவிட்டார்கள் என்று ஏதாவது இருக்கும். கேட்டதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊரெல்லாம் பரப்பாதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சாகவேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஜெபித்துவிட்டு அனுப்பாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, வார்டனுக்கோ கல்லூரி ஆலோசகருக்கோ உடனே தெரிவியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம். ரகசியம் காப்பதைவிட உயிர் காப்பது முதலில்.

படி 7: கைமாற்றுவது

கலைக் கல்லூரியில் மூன்று வருடம், பொறியியலில் நான்கு. அதற்குள் ஒரு தலைமுறையே வெளியேறிவிடும். நன்றாகப் பேசுகிற ஒரு சீனியரைச் சுற்றியே ஓடிய குழு, அவர் கான்வகேஷனோடு முடிந்துபோகும். அதனால் இரண்டாவது மாதத்திலிருந்தே ஒரு ஜூனியரை உட்காரவைத்துச் சேர்ந்து கேள்வி தயாரியுங்கள். முதலில் அவர் இரண்டு கேள்வி கேட்கட்டும், பிறகு பாதி நேரம், பிறகு முழுநேரம். அவர் தடுமாறும்போது குறுக்கே பாயாதீர்கள்.

இறுதியாண்டில் பிராஜெக்டும் பிளேஸ்மென்டும் தொடங்குவதற்கு முன்பே கேள்வி நோட்டு, வேதாகமப் பிரதிகள், வார்டனின் எண் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதன்பின் புதன்கிழமை நீங்கள் போனால் வட்டத்தின் ஓரத்தில் உட்காருங்கள், கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.