ஐஸ்ஹவுஸை எங்கிருந்து கேட்பது?

ஐஸ்ஹவுஸ் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவை நான் வாலிலிருந்து கேட்டுத் தொலைத்தவன். முதலில் காதில் விழுந்தது 'எலெக்ட்ரிக் ப்ளூ'. எண்பதுகளின் இன்னொரு பளபளப்பான பாட்டு என்று ஒதுக்கிவிட்டேன். நாலு வருஷம் வீண். நீங்கள் முறையாகத் தொடங்குங்கள்.

1980-இல் வந்த முதல் ஆல்பத்தை எடுங்கள். பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது: ஐஸ்ஹவுஸ் என்பது ஆல்பத்தின் பெயர், குழுவின் பெயர் அப்போது ஃப்ளவர்ஸ். பாடகர் ஐவா டேவிஸும் பேஸ் கிடார் வாசித்த கீத் வெல்ஷும் 1977-இல் சிட்னியில் ஆரம்பித்தது. வெளிநாட்டில் அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால், 1981-இல் ஆல்பத்தின் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள். பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்கள் உஷார். ஃப்ளவர்ஸ் பெயரில் ஒன்று, ஐஸ்ஹவுஸ் பெயரில் ஒன்று: வேறு வேறு ஆல்பம் என்று நம்பி இரண்டையும் வாங்கி வந்தேன். ஒலிக்கலவையும் பாட்டு வரிசையும் கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து 1982-இன் 'பிரிமிட்டிவ் மேன்'. இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். 'கிரேட் சதர்ன் லேண்ட்' பாட்டை ஹெட்ஃபோனில், கண்ணை மூடிக் கேளுங்கள். சின்தசைசரில் ஒரே சுரம் நீண்டுகொண்டே போகும். அதன் அடியில்தான் மற்றதெல்லாம் மெல்ல வந்து சேரும். விமானத்தில் போகும்போது டேவிஸ் கீழே பார்த்தாராம். மணிக்கணக்காகப் பறந்தும் பாலைநிலம் முடியவில்லை. அங்கே பிறந்த பாட்டு இது. அந்தச் சுரத்தைத் தள்ளிவிட்டுக் கேட்டால் பாட்டே போச்சு. அப்புறம் 'ஹே லிட்டில் கேர்ள்': மனிதக் கை படாத டிரம் மெஷின் தாளத்தின் மேல் உருகி வழியும் குரல். பிரிட்டன் பாடல் தரவரிசையில் 17-ஆம் இடம் வரை போனது.

1984-இன் 'சைட்வாக்' ஆல்பத்தை இப்போதைக்குத் தாண்டலாம். 1985-இல் வந்த 'நோ பிராமிசஸ்' பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டால் போதும்.

சரி, இப்போது 1987-இன் 'மேன் ஆஃப் கலர்ஸ்'. ஆஸ்திரேலியாவில் முதலிடம் பிடித்த ஆல்பம். 'ஹால் அண்ட் ஓட்ஸ்' என்ற அமெரிக்க இசை ஜோடியின் ஜான் ஓட்ஸுடன் டேவிஸ் சேர்ந்து எழுதிய 'எலெக்ட்ரிக் ப்ளூ' இதில்தான். அமெரிக்காவில் 7-ஆம் இடம். டேவிஸ் ஓபோ என்ற மேற்கத்தியக் குழல் வாத்தியத்தை முறையாகப் பயின்றவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவர் மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். நான் ஒதுக்கித் தள்ளிய பாட்டு இப்போது என் அலாரம்.