ஹெசியட் சொன்ன உழவு நாளை வானத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

கி.மு. 700 வாக்கில் கிரேக்கத்தின் ஹெலிகன் மலையடியில், அஸ்க்ரா என்ற சிற்றூரில் நிலம் உழுத கவிஞர் ஹெசியட். 'வேலைகளும் நாட்களும்' பாடலில் பயிர்வேலைக்கு அவர் வானத்து மீன்களைத்தான் நாளாகக் காட்டுகிறார். கார்த்திகைக் கூட்டம் எழுந்தால் அறுவடை, மறையப் போனால் உழவு. இடையில் நாற்பது நாள் அது கண்ணில் படாது. இந்த இரண்டு மூன்று வரி பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது.

1. எந்த நாளின் வானத்தையும் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைக் கணினியில் போடுங்கள். கைப்பேசிச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாள் நாளாக நகர்த்த விசைப்பலகைதான் தோது.

2. எஃப்6 அழுத்தி இடம்: வடக்கு 38.3, கிழக்கு 23.1 பாகை.

3. எஃப்5 அழுத்தித் தேதி: மே 10, ஆண்டு -699. சூரியன் உதிக்க முக்கால் மணி இருக்கும்போது நிறுத்துங்கள். எஃப்3-இல் எம்45 என்று தேடினால் கார்த்திகை. சமக்குறி விசை ஒவ்வொரு நாளாக முன்னே தள்ளும். கீழ்வானில் அது முதன்முதலாகத் தலைகாட்டும் விடியல்தான் அறுவடை நாள். மே நடுவை ஒட்டி வரும்.

4. நான் தடுக்கி விழுந்தது 'மறைதல்' என்ற சொல்லில். நாற்பது நாள் மறைவின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அது ஏப்ரலில் வருகிறது. கோடை நெருங்கும்போது அங்கே யார் கோதுமை விதைப்பார்கள்? அதே பாடலில் இன்னோரிடம் வழி காட்டியது: மேகத்தில் கொக்கினத்தின் குரல் கேட்டால் உழவுக்காலம், மழைக்காலம் வருகிறது என்கிறார். அப்படியானால் இலையுதிர் காலம். ரோமானியக் கவிஞர் வர்ஜில் கி.மு. 29 அளவில் முடித்த 'ஜார்ஜிக்ஸ்' இதை உடைத்தே சொல்கிறது: அட்லஸின் மகள்கள், அதாவது கார்த்திகைப் பெண்கள், விடியலில் மறையும்வரை கோதுமை விதைக்காதே. ஆகவே தேதியை அக்டோபர் கடைசிக்கு மாற்றி, விடியலில் மேற்கே பாருங்கள். சூரியன் வருமுன் கூட்டம் அடிவானத்தில் இறங்கும் நாள் வரும். அதுதான் ஏர் பூட்டும் நாள்.

பின்சேர்க்கை: "எல்லா நாளும் மீன் தெரிகிறதே" என்று இருவர் எழுதினார்கள். வளிமண்டலம் அணைந்திருக்கிறது, ஏ விசையைத் தட்டுங்கள். ஆண்டு ஏன் -699 என்றும் கேள்வி வந்தது. வானியல் கணக்கில் சுழியம் ஆண்டு உண்டு, அதனால் ஒன்று குறையும். நடப்பு ஆண்டை வைத்துப் பார்த்தவர்களுக்கு எழுச்சி ஜூனில் வந்திருக்கும். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இத்தனை நூற்றாண்டில் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிவிட்டது.