ஒரு கடையின் பொன்விழாவை முறையாக நடத்துவது எப்படி?

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என எந்த ஊர் வணிகர் சங்கத்தை எடுத்துக்கொண்டாலும், பழைய கடைகளைப் பாராட்டும் விழாவை நடத்துகிற பொறுப்பு நான்கைந்து இளைய உறுப்பினர்களின் தலையில்தான் வந்து விழுகிறது. அவர்கள் எடுத்த எடுப்பிலேயே மண்டபம் பிடிக்கவும் கேடயத்துக்கு ஆர்டர் கொடுக்கவும் ஓடுகிறார்கள். என் அனுபவத்தில் அவை கடைசி இரண்டு வாரங்களில் முடிந்துவிடும் வேலைகள். கடை எந்த ஆண்டில், யாரால், எந்த இடத்தில் தொடங்கப்பட்டது என்பதை உறுதிசெய்யும் வேலையைத்தான் மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். கேடயத்தில் ஆண்டு தவறாகப் பொறிக்கப்பட்டுவிட்டால், அது கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டு, வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் அந்தத் தவற்றையே சொல்லிக்கொண்டிருக்கும்.

உரிமையாளர் சொல்லும் ஆண்டை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். அவர் அறிந்து பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் தாத்தா தள்ளுவண்டியில் வியாபாரம் செய்த காலம், அப்பா வாடகைக்குக் கடை எடுத்த காலம், இப்போதைய பெயர்ப்பலகை ஏறிய காலம் ஆகிய மூன்றும் வீட்டுப் பேச்சில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும். எனவே பழைய ரசீதுப் புத்தகம், வாடகைச் சீட்டு, திறப்பு விழா அழைப்பிதழ், கடை வெளியிட்ட நாட்காட்டி ஆகியவற்றில் எது கிடைக்கும் என்று கேளுங்கள். பரணில் தேட அவருக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

தேதி இல்லாத தாளும் தன் வயதைச் சொல்லும். தொகை ரூபாய், அணா, பைசா என்று எழுதப்பட்டிருந்தால், அது தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முற்பட்டதாகவோ, அதையொட்டிய சில ஆண்டுகளைச் சேர்ந்ததாகவோ இருக்கும். முகவரியில் தமிழ்நாடு என்பதற்குப் பதிலாக மதராஸ் மாநிலம் என்று அச்சாகியிருந்தால் 1969-க்கு முந்தைய அச்சு என்று கொள்ளலாம். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அந்த எண் உள்ள தாள் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்ற பெயர் 1989-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது வந்து, 1990-களிலேயே வேலூர் மாவட்டம் என்று மாறிவிட்டது. ஆகவே அந்தப் பெயர் அச்சான ரசீது கிடைத்தால் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் குறுக்கிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இத்தகைய குறிகள் ஒரு தாள் எந்த ஆண்டுக்கு முன்னால் இருந்திருக்க முடியாது என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். அச்சடித்த ரசீதுப் புத்தகம் தீரும்வரை பயன்படுத்துவது வியாபாரிகளின் வழக்கம். இன்றும் கைப்பழக்கத்தில் வட ஆற்காடு என்றே எழுதும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு.

ஜிஎஸ்டி சான்றிதழை நீட்டுபவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். பழைய வரி முறையிலிருந்து மாறிவந்த கடைகள் பலவற்றின் சான்றிதழில் 2017 ஜூலை 1 என்ற தேதியே இருக்கும். அதைத் தொடக்க நாளாக எடுத்துக்கொண்டால், வேலூரில் பாதிக் கடைகள் ஒரே நாளில் பிறந்தவை ஆகிவிடும்.

எல்லாவற்றிலும் நம்பகமானது முதல் கணக்குப் புத்தகம். லாங்கு பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் எனக்குக் காட்டப்பட்ட பேரேடு சிவப்புத் துணி அட்டை போட்டது. நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறியிருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'லாபம்' என்ற சொல், அதற்கும் கீழே தமிழ் மாதமும் தேதியும், முதல் வரவாக ஒரு பித்தளைக் குடத்தின் விலை. பெரியவர் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுக்க மட்டும் சம்மதித்தார். புத்தகம் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான். மூல ஆவணத்தை இரவல் வாங்குவதில்லை என்பதைச் சங்கத்தின் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு தெரிந்த பிறகு, எண்ணிக்கையில் ஒரு குழப்பம் வரும். 1975 ஆயுத பூஜையன்று தொடங்கிய கடைக்கு 2024 ஆயுத பூஜையில் ஐம்பதாவது ஆண்டு பிறக்கிறது. 2025-இல்தான் ஐம்பது நிறைகிறது. எதைப் பொன்விழா என்று அழைப்பது என்பதைச் சங்கம் ஒருமுறை முடிவுசெய்து, எல்லாக் கடைக்கும் அதையே பின்பற்ற வேண்டும். நிறைவையே கொள்ளுவது நல்லது என்பது என் கருத்து. இருபத்தைந்துக்கு வெள்ளி விழா, ஐம்பதுக்குப் பொன்விழா, அறுபதுக்கு வைர விழா, எழுபத்தைந்துக்குப் பவள விழா என்ற வழக்கை மாற்றாதீர்கள்.

அடுத்தது பெயர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய விழாவில், ஒரு கடையைத் தொடங்கியவர் என்று அண்ணனின் பெயரை மட்டும் கேடயத்தில் பொறித்துவிட்டோம். கடையைத் தம்பியும் சேர்ந்தே தொடங்கியிருந்தார். பின்னர் பாகம் பிரிந்து, தம்பியின் குடும்பம் எதிர்வரிசையில் தனிக்கடை வைத்திருந்தது. நாங்கள் மேளத்தோடு அண்ணன் வீட்டார் கடைக்குப் போனபோது, எதிர்க்கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. புதிய கேடயம் செய்து இரண்டு கடைக்கும் கொடுத்து, இரண்டு முறை மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அவர்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்தார்கள். அன்றிலிருந்து, பங்குதாரர் யாரேனும் இருந்தார்களா, பாகப்பிரிவினை நடந்ததா என்று உரிமையாளரிடம் மட்டுமன்றி, அதே தெருவில் உள்ள மூத்த வியாபாரி ஒருவரிடமும் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

கடையோடு வளர்ந்த ஊழியர்களையும் விட்டுவிட வேண்டாம். முப்பது ஆண்டுகளாக எடைபோடுபவர், கணக்குப்பிள்ளை, மூட்டை இறக்குபவர் ஆகியோரின் பெயர்கள் முதலாளிக்குக்கூடச் சுருக்கப் பெயர்களாகவே தெரிந்திருக்கும். முழுப் பெயரை அவரவரிடமே கேட்டு எழுதுங்கள். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில், வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளிடம் பேசிப் பேசியே வங்காளம் கற்றுக்கொண்ட விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். மேடையில் சொல்ல வேண்டியது இத்தகைய செய்திதான். கடையின் ஆண்டு விற்பனையை யாரும் வெளியே சொல்லவும் விரும்புவதில்லை.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு வியாபாரத்தையும் பாருங்கள். மே 5 வணிகர் தினம் பொருத்தமாகத் தோன்றினாலும், அன்று பலரும் மாநாட்டுக்கு வெளியூர் போய்விடுவார்கள். அக்கினி நட்சத்திரத்து வேலூர் வெயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி, கல்யாண சீசன் ஆகியவற்றைத் தவிர்த்துவிட வேண்டும். மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் ரம்ஜான் மாதத்தையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் விட்டுவிட வேண்டும். முகூர்த்தம் இல்லாத மார்கழியின் முதல் பாதி ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் ஒத்துவரும். பிரியாணிக் கடையாக இருந்தால் புரட்டாசி நல்லது.

இயன்றவரை விழாவைக் கடை வாசலிலேயே, காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் அரை மணி நேரத்தில் முடியுங்கள். மண்டபத்தில் நடத்தினால் கடையை அடைத்துவிட்டு வர வேண்டியிருக்கும். தெருவில் ஒலிபெருக்கி வைப்பதற்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்; அனுமதியில்லாமல் பிளெக்ஸ் பேனர் வைக்கவே கூடாது. பேச்சாளர்கள் இருவர் போதும். பாலியெஸ்டர் பொன்னாடைகள் எல்லார் வீட்டு பீரோவிலும் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. அதற்குப் பதிலாகக் குடியாத்தம் கைத்தறித் துண்டோ லுங்கியோ கொடுத்தால் உடுத்துவார்கள். கேக் வெட்டுவதைவிட ஆற்காடு மக்கன் பேடா வழங்குவது நம் ஊருக்கு அழகு.

ஊரின் நாட்களைக் கொண்டாடுவதற்கும் இதே கவனம் தேவை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்தது. வேலூர் 2008-இல் மாநகராட்சியானது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019 நவம்பரில் தனி மாவட்டங்களாயின. இந்த நாட்களில் பழைய படங்களின் கண்காட்சி நடத்தலாம், கடைகளில் சலுகை அறிவிக்கலாம். ஜூலை 10 மட்டும் வேறு. 1806-இல் கோட்டையில் சிப்பாய்கள் எழுச்சி செய்து மடிந்த நாள் அது. அன்று மக்கான் அருகே உள்ள நினைவுத்தூணில் மலர்வளையம் வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தள்ளுபடி விளம்பரத்தில் அந்த நாளைச் சேர்ப்பது கூடாது.

விழா முடிந்த வாரத்திலேயே, எடுத்த படங்களையும் ஆவண நகல்களையும் கடையின் பெயரிட்ட உறையில் போட்டு அலுவலக பீரோவில் வையுங்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்தக் கடைக்கு எந்த நிறைவு வருகிறது என்பதைச் சங்கத்தின் பதிவேட்டில் ஆண்டுவாரியாக எழுதுங்கள். இன்னும் சான்று கிடைக்காத ஆண்டுகளைப் பென்சிலால் எழுதினால் போதும்.