‘அங்கிள்’னு ஒரு வார்த்தை போதாது: இங்கிலீஷ்ல இருந்து போலிஷுக்கு மாத்தும்போது தவிர்க்க வேண்டிய தப்புகள்

போலந்துக்கு படிக்கவோ வேலைக்கோ வர்ற நம்ம ஆளுங்க போலிஷ் பேசுற விதத்தை கொஞ்ச வருஷமா கவனிச்சிட்டு வர்றேன். மனசுல தமிழ்ல நினைக்கிறாங்க, அதை இங்கிலீஷாக்குறாங்க, அந்த இங்கிலீஷை ஃபோன்ல போட்டு போலிஷ் எடுக்கிறாங்க. நடுவுல இருக்குற இங்கிலீஷ்லதான் பாதி விஷயம் தொலைஞ்சு போகுது, அதுவும் சொந்தபந்தம்னு வந்துட்டா ரொம்பவே.

ஒரு தம்பி வீட்டுக்கு ஒரு அஃபிடவிட் தேவைப்பட்டுச்சு, ஊர்ல இங்கிலீஷ்ல எழுதி வாங்கினது, அதுல அவனை இன்னொருத்தருக்கு ‘நெஃப்யூ’ன்னு போட்டிருந்தாங்க. இங்க ஆபீஸ்ல குடுக்கணும்னா ‘த்வூமாச் ப்ஷிஷெங்க்வி’, அதாவது அரசாங்கத்துல உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர், அவர்தான் மாத்தி முத்திரை போடணும். அந்தம்மா பேப்பரை வாங்கி பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘அண்ணன் தம்பி பையனா, அக்கா தங்கச்சி பையனா?’ நம்ம ஊர் பெரியவங்க கேக்குற அதே கேள்வி! ஏன்னா போலிஷ்ல கூடப்பிறந்த அண்ணன் தம்பியோட பையன் ‘ப்ராத்தானெக்’, பொண்ணு ‘ப்ராத்தானித்ஸா’. அக்கா தங்கச்சியோட பையன் ‘ஷோஸ்ட்ஷெனியெத்ஸ்’, பொண்ணு ‘ஷோஸ்ட்ஷெனித்ஸா’. ரெண்டையும் சேர்த்து சொல்ற ஒரு வார்த்தை அன்றாட பேச்சுல இல்ல, ஆப் ஏதோ ஒண்ணை எடுத்து போட்டுடும், அது சரியா தப்பான்னு இங்கிலீஷ் பேப்பரை மட்டும் வெச்சு யாராலயும் சொல்ல முடியாது.

ஆனா தமிழ்ல இருந்து நேரா போனாலும் ஒரு இடத்துல கவனம் வேணும். நமக்கு முறை சொல்றது பேசுற ஆளு ஆணா பெண்ணாங்கிறதை பொறுத்து மாறும், அக்கா பையன் எனக்கு மருமகன்னா என் தங்கச்சிக்கு அவன் மகன் முறை. போலிஷ்ல அது கிடையாது, யார் சொன்னாலும் அக்கா பையன் ஷோஸ்ட்ஷெனியெத்ஸ்தான். பொண்ணை கட்டின மருமகனுக்கு தனியா ‘ஜியென்ச்’னு ஒரு வார்த்தை இருக்கு. அதனால ‘மருமகன்’னு எழுதுறதுக்கு முன்னாடி எந்த மருமகன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

‘அங்கிள்’ கதை இதுக்கு நேர் எதிர். பழைய போலிஷ்ல அப்பா கூடப்பிறந்தவர் ‘ஸ்ட்ரிய்’, அம்மா கூடப்பிறந்தவர் ‘வூய்’, நம்ம சித்தப்பா-மாமா மாதிரியே பிரிச்சு வெச்சிருந்தாங்க. இப்போ பெரும்பாலும் ரெண்டு பேருமே ‘வூயெக்’தான். ஸ்ட்ரியெக்னு சில குடும்பங்கள்ல, கிராமப்புறத்துல, வயசானவங்க வாய்ல இன்னும் கேக்கலாம். டிக்‌ஷனரியை பாத்துட்டு எல்லா இடத்துலயும் ஸ்ட்ரிய் போட்டா பழைய காலத்து எழுத்து மாதிரி இருக்கும். ஆன்ட்டிக்கு ‘சோச்சா’ன்னு சொல்லுங்க, ‘சோத்கா’ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா அதுல பாசம் இருக்காது.

அதே சமயம் நம்ம ஊர் பழக்கத்துல வழியில பாக்குற பெரியவரை வூயெக்னும், கடைக்கார அம்மாவை சோச்சான்னும் கூப்பிட்டுடாதீங்க. அப்பா அம்மாவோட நெருங்கின ஃப்ரெண்ட்ஸை குழந்தைங்க அப்படி கூப்பிடும், அதோட சரி. வெளியாளுங்க ஆம்பளைன்னா ‘பான்’, பொம்பளைன்னா ‘பானி’. வயசான அம்மாவை பாசமா நினைச்சு ‘பாட்டி’ன்னு கூப்பிட்டா இங்க அது மரியாதை இல்ல.

இந்த பான், பானி விஷயத்துலயும் இங்கிலீஷ் காலை வாரிவிடும். இங்கிலீஷ்ல எல்லாரும் ‘யூ’தான், ஆப்ல போட்டா பல நேரம் ‘நீ’ன்னு வந்து நிக்கும், அதை டாக்டர்கிட்டயும் வீட்டு ஓனர்கிட்டயும் அனுப்பிடுறாங்க. நீங்க ‘நீ’, ‘நீங்க’ வித்தியாசம் தெரிஞ்சு வளர்ந்தவங்க, அதை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்ல. ஒண்ணே ஒண்ணு, பான், பானி சொல்லும்போது வினைச்சொல் படர்க்கையில வரும், ‘ஐயா எங்க வேலை பாக்குறார்?’ங்கிற மாதிரி. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தா ‘பான்ஸ்த்வோ’. இதே வார்த்தைக்கு நாடுன்னும் அர்த்தம் உண்டு, அதனால அதை திரும்ப இங்கிலீஷுக்கு மாத்தி பாத்தா சில சமயம் கணவன் மனைவி இருக்க வேண்டிய இடத்துல தேசம் நிக்கும், பயப்படாதீங்க.

நம்ம காதே நம்மள ஏமாத்துற இடம் ஒண்ணு இருக்கு. போலிஷ்ல ‘மாமா’ன்னா அம்மா, ‘தாத்தா’ன்னா அப்பா! கொஞ்சம் குறுக்கி சொல்வாங்க, ஆனா தமிழ் காதுக்கு அப்படித்தான் விழும். நம்ம தாத்தாவுக்கு அவங்க வார்த்தை ‘ஜாதெக்’, பாட்டிக்கு ‘பாப்ச்சா’.

பாட்டின்னதும் ஞாபகம் வருது, போலந்துல ஜனவரி 21 பாட்டிகளோட நாள், மறுநாள் 22 தாத்தாக்களோட நாள். மழலையர் பள்ளியில குழந்தைங்க எல்லாம் கார்டு செய்வாங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்ல ஊர்ல இருக்குற பாட்டிக்கு அனுப்ப பொண்ணு ஆசையா கார்டு வரைஞ்சிருந்தா, அவ அம்மா இங்கிலீஷ்ல இருந்து மாத்தி மேல ‘த்ரோகா பாப்ச்சா’ன்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. டீச்சர் சிரிச்சுகிட்டே கடைசி எழுத்தை மட்டும் திருத்தினாங்க: ‘பாப்ச்சு’. ஏன்னா கூப்பிடும்போது பேர் மாறணும், அதுக்கு தனி வேற்றுமையே இருக்கு, ‘வோவாச்’னு பேரு. இங்கிலீஷ்ல அது இல்லாததால இங்கிலீஷ் வழியா வர்றவங்களுக்கு தோணவே தோணாது. நமக்கு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்திருக்காங்க, எட்டாம் வேற்றுமை, விளி. நண்பன் நண்பா ஆகுறான், மகள் மகளே ஆகுறா. அதே மாதிரி மாமா ‘மாமோ’, தாத்தா ‘தாத்தோ’, ஜாதெக் ‘ஜாத்கு’, வூயெக் ‘வூய்கு’. போலிஷ்ல மொத்தம் 7 வேற்றுமை, நமக்கு 8. ‘தங்கச்சி, தங்கச்சிய, தங்கச்சியோட’ன்னு நாள் பூரா உருபு ஒட்டி பேசுற நமக்கு ‘ஷோஸ்த்ரா, ஷோஸ்த்ரெ, ஸ் ஷோஸ்த்ரோ’ன்னு வால் மாறுறது புது விஷயமே இல்ல.

இப்போ நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற தப்பு. ‘யான்’ங்கிறது இங்க ஒரு ஆம்பளை பேரு. ‘யான் தன் பொண்டாட்டியை நேசிக்கிறான்’னு சொல்லணும். இங்கிலீஷ்ல ‘ஹிஸ்’ வரும், அதை அப்படியே ‘யெகோ’ன்னு மாத்தி ‘யான் கோஹா யெகோ ஜோனெ’ன்னு எழுதினா அர்த்தம் வேற, யான் இன்னொருத்தன் பொண்டாட்டியை நேசிக்கிறான்! தன்னோடதுக்கு ‘ஸ்வூய்’ங்கிற வார்த்தை இருக்கு, இங்க ‘ஸ்வோயோ ஜோனெ’ன்னு வரணும். இதை இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு விளக்க ஒரு கிளாஸே எடுக்கணும், நமக்கு ‘தன்’, ‘அவன்’ வித்தியாசம்னு சொன்னா முடிஞ்சது. ஆனா ஸ்வூய் நான், நீ, நாம எல்லாருக்கும் வரும், நம்ம ‘தன்’ மாதிரி படர்க்கையோட நிக்காது. பல நேரம் அதுவும் தேவையில்ல, ‘அம்மாவுக்கு ஃபோன் பண்றேன்’னு நாம ‘என்’ இல்லாம சொல்ற மாதிரிதான் அவங்களும் சொல்றாங்க.

கல்யாணம் பத்தி பேசும்போது ஆணுக்கு ஒரு வினை, பெண்ணுக்கு ஒரு வினை. ஆண் ‘ஓஜெனிச் ஷே’, பெண் ‘விய்ஷ்ச் ஸா மோன்ஷ்’. ஆண் ரெண்டாவதை சொன்னா தனக்கு ஒரு புருஷன் இருக்குறதா ஆயிடும். குழப்பமா இருந்தா ‘வ்ஷோன்ச் ஷ்லூப்’னு சொல்லிடுங்க, ரெண்டு பேருக்கும் பொருந்தும். ஃபார்ம்ல ‘ஸ்தான் த்ஸிவில்னி’ன்னு கேட்டா ஆண் ‘ஜோனாத்தி’, பெண் ‘ஸாமென்ஜ்னா’, கல்யாணம் ஆகலைன்னா ‘காவாலெர்’, ‘பான்னா’. இன்விடேஷன் வந்தாலும் கவனிங்க, ‘ஷ்லூப்’ங்கிறது சர்ச்லயோ பதிவு ஆபீஸ்லயோ நடக்குற சடங்கு, ‘வெஸெலெ’ங்கிறது அதுக்கப்புறம் விடிய விடிய நடக்குற விருந்து. இங்கிலீஷ்ல ரெண்டும் ‘வெட்டிங்’. ஷ்லூப்புக்கு மட்டும் கூப்பிட்டிருந்தா விருந்துக்கு கூப்பிட்டதா எடுத்துக்கக் கூடாது.

‘ஃப்ரெண்ட்’னா உடனே ‘ப்ஷியாச்செல்’ போடாதீங்க. அது உயிர் நண்பனுக்கு. கூட படிக்கிறவன், கூட வேலை பாக்குறவன் ‘கொலெகா’, பொண்ணுன்னா ‘கொலெஜான்கா’, தெரிஞ்சவர்னா ‘ஸ்னாயோமி’. ‘மோயா ஜெவ்சினா’ன்னு சொன்னா காதலின்னு அர்த்தம், கிளாஸ்ல பக்கத்துல உக்கார்ற பொண்ணை அப்படி அறிமுகப்படுத்தி அவ சங்கடப்பட்டதை நேர்லயே பாத்திருக்கேன்.

எண்ணிக்கையும் சொந்தக்காரங்களுக்கு தனி. ரெண்டு அக்கா தங்கச்சின்னா ‘த்வியெ ஷோஸ்த்ரி’, ரெண்டு அண்ணன் தம்பி இருக்காங்கன்னா ‘த்வூஹ் ப்ராச்சி’, ரெண்டு குழந்தைங்கன்னா ‘த்வோயெ ஜெச்சி’. மூணு இடத்துல மூணு ‘ரெண்டு’. இதுக்கு தமிழும் உதவாது, மனப்பாடம்தான். அண்ணன், தம்பின்னு தனித்தனி வார்த்தையும் அவங்களுக்கு இல்ல, ‘ப்ராத்’தான், வயசு சொல்லணும்னா ‘ஸ்தார்ஷி’, ‘ம்வோத்ஷி’ன்னு முன்னாடி சேர்க்கணும்.

உடம்பு விஷயத்துல தமிழ் நல்லா கைகுடுக்கும். ‘ரென்கா’ன்னா தோள்ல இருந்து விரல் வரைக்கும் முழு கை, ‘நோகா’ன்னா முழு கால், ‘பாலெத்ஸ்’னா கைவிரலும் கால்விரலும். இங்கிலீஷ்ல இருக்குற அத்தனை பிரிவையும் டாக்டர்கிட்ட தேடிகிட்டு இருக்க வேண்டாம். ஆனா ‘தெரியும்’ல நாம மாட்டுவோம், ஆளை தெரியும்னா ‘ஸ்நாச்’, விஷயம் தெரியும்னா ‘வியெஜெச்’, நீச்சல் தெரியும்னா ‘உமியெச்’. ‘போறேன்’லயும் அப்படித்தான், நடந்துன்னா ‘இதெ’, வண்டியிலன்னா ‘யாதெ’. வார்சாவுக்கு ‘இதெ’ன்னு சொன்னா நடந்தே போறதா நினைப்பாங்க.

வீடு தேடுறவங்க இதை மட்டும் மறக்காதீங்க. ‘த்வுபோகோயோவெ’ன்னு விளம்பரத்துல போட்டிருந்தா ரெண்டு பெட்ரூம் இல்ல, ஹாலையும் சேர்த்து மொத்தம் ரெண்டு ரூம், சமையலறை கணக்குல வராது. நம்ம டூ பிஎச்கே வேணும்னா 3 ரூம்னு தேடணும். ஒரே ரூம் வீடு ‘காவாலெர்கா’, மேல சொன்ன காவாலெர், கல்யாணம் ஆகாத பையன், அவன் பேர்ல இருந்து வந்தது. மணி ‘வ்பூவ் தோ ஊஸ்மெய்’னு சொன்னா எட்டரை இல்ல ஏழரை, வீடு பாக்க போற அன்னைக்கு இது முக்கியம்.

இங்கிலீஷ் மாதிரியே ஒலிக்கிற வார்த்தைங்க தனி ஆபத்து. ‘அக்துஆல்னியெ’ன்னா இப்போதைக்கு, ‘ஓர்தினார்னி’ன்னா அசிங்கமான, ஆபாசமான. ‘ஹாஸார்த்’னா சூதாட்டம். கடையில ஊறுகாய்ல பிரிசர்வேட்டிவ் இருக்கான்னு ‘ப்ரெஸெர்வாத்திவா’ன்னு கேட்டுடாதீங்க, அது ஆணுறை, நீங்க கேக்க வேண்டியது ‘கொன்ஸெர்வான்தி’. யாராவது ‘நோ, நோ’ன்னு தலையாட்டினா ஆமா ஆமான்னு அர்த்தம், மறுக்கல.

இங்கயே கல்யாணம் பண்ணி போலிஷ் குடும்பத்துக்குள்ள போறவங்களுக்கு ஒண்ணு. மாமியார் ‘தெஷ்ச்சோவா’, ஆனா அப்படி யாரும் கூப்பிட மாட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பானி, அப்புறம் நிறைய வீட்ல மாமா, அதாவது அம்மா. பழைய முறைப்படி பழகுற வீடுன்னா ‘நீ’ சொல்லாம, அம்மாவையே படர்க்கையில வெச்சு பேசுவாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மதிய சாப்பாடு முடிஞ்சு என் ஃப்ரெண்ட் ஒருத்தி கெட்டிலை வெச்சுட்டு மாமியாரை பாத்து ‘ச்சி மாமா நாபியெ ஷே ஹெர்பாத்தி?’ன்னு கேட்டா, ‘அம்மா டீ குடிக்கிறாங்களா?’ அந்தம்மா தட்டை தள்ளி வெச்சுட்டு நாற்காலியை அவ பக்கம் திருப்பிகிட்டாங்க.