ஹைட்ரஜன் பங்கில் பணம் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

நம் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க்கில் பிளாட்டினம் இருக்கிறது, வடக்குக் கேப்பில் வெயில் இருக்கிறது. அப்படியானால், ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் வரப்போகும் லாபத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டுதானே? ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும் டர்பனிலும் லெனேசியாவிலும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. அரசும் 2008-ல் ‘ஹைட்ரஜன் சவுத் ஆஃப்ரிக்கா’ ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, 2022-ல் நாட்டின் ஹைட்ரஜன் பாதைத் திட்டத்தையும் வெளியிட்டது. தொழில்நுட்பம் பொய்யில்லை. 1965-லேயே ஜெமினி விண்கலத்துக்கு எரிபொருள் கலம்தான் மின்சாரம் கொடுத்தது. ஆனாலும் இதில் பணம் போட்டவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மெகாவாட் அறிவிப்புகளைப் படித்தவர்கள் கிலோவையும் யூனிட்டையும் வைத்துக் கணக்குப் போடாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

ஹைட்ரஜனை ஆற்றல் மூலமாக நினைப்பது

நிலக்கரியைப் போல ஹைட்ரஜனைத் தோண்டி எடுத்து விற்கும் தொழில் இன்றுவரை எங்கும் பெரிதாக வளரவில்லை. இன்னொரு ஆற்றலைச் செலவழித்துத்தான் அதைத் தயாரிக்க வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் குடிக்கும். 350 பார் அழுத்தத்துக்கு ஏற்றுவதற்கு மேலும் 3 யூனிட் போல ஆகும். அந்த ஒரு கிலோவில் இருக்கும் பயன்படும் ஆற்றல் 33.3 யூனிட். எரிபொருள் கலம் அதில் பாதியளவைத்தான் மின்சாரமாக்கும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக 58 யூனிட் உள்ளே போனால் 16, 17 யூனிட் வெளியே வரும். லித்தியம் பேட்டரியில் இதே 58 யூனிட்டை ஏற்றி இறக்கினால் 50 யூனிட் திரும்பக் கிடைக்கும்.

இதை ரேண்டில் பாருங்கள். ஒரு யூனிட்டை 1 ரேண்டுக்கு வாங்குவதாக வைத்தாலும், எரிபொருள் கலத்திலிருந்து வரும் யூனிட்டுக்கு மின்சாரச் செலவு மட்டும் 3.50 ரேண்டைத் தாண்டும். எலக்ட்ரோலைசர், தொட்டி, கம்ப்ரெஸர், கலம், ஆள்கூலி எதுவும் இதில் சேரவில்லை. ஆகவே பேட்டரியும் கம்பி வழி மின்சாரமும் செய்யக்கூடிய வேலையை ஹைட்ரஜனை வைத்துச் செய்யப்போவதாக ஒரு நிறுவனம் சொன்னால், அதன் பங்கை வாங்கும் முன் நிறைய யோசிக்க வேண்டும். உரம், எண்ணெய் சுத்திகரிப்பு, எஃகு ஆகியவற்றுக்கு ஹைட்ரஜன் மூலப்பொருளாகவே வேண்டியிருப்பதால் அங்கே கணக்கு வேறு. உலகம் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. அதில் எரிபொருள் கலத்துக்குப் போவது சிட்டிகைதான்.

வீட்டளவிலும் இதே கதைதான். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, ஜெனரேட்டருக்குப் பதில் எரிபொருள் கலம் வைக்கலாமா என்று சில கோயில் கமிட்டிகள்கூட விசாரித்தன. 50 லிட்டர் இரும்பு சிலிண்டரில் 200 பாரில் அடைத்தால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே ஹைட்ரஜன் பிடிக்கும். அதிலிருந்து வரும் மின்சாரம் 12 யூனிட். காவடி நாளில் மண்டபத்து விளக்கு, மைக், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 5 கிலோவாட் இழுத்தால் இரண்டரை மணி நேரத்தில் அறுபது கிலோ எடையுள்ள அந்த சிலிண்டர் காலியாகிவிடும். அதை லாரியில் ஏற்றி நிரப்பிக் கொண்டுவர வேண்டும். பேட்டரிக்கு ஒரு பிளக் போதும். கூரையில் சோலாரும் இருந்தால் பேச்சே இல்லை. மேலும் 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது. மின்வெட்டு ஆண்டுகளின் விற்பனையை அடிப்படையாக வைத்து எழுதிய வளர்ச்சிக் கணிப்பை இன்னும் ஒரு நிறுவனம் காட்டினால், அது எந்த ஆண்டில் எழுதியது என்று கேளுங்கள்.

பிளாட்டினம் சுரங்கப் பங்கை ஹைட்ரஜன் பங்கு என்று வாங்குவது

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். உலகச் சுரங்கங்களிலிருந்து வரும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு தென்னாப்பிரிக்காவிலிருந்து போகிறது. சவ்வு வகை எரிபொருள் கலத்துக்குப் பிளாட்டினம் வினையூக்கியாக வேண்டும். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டையும் இணைக்கும் அளவு மிகச் சிறியது.

கிலோவாட்டுக்கு 0.3 கிராம் என்று வைத்தால் 100 கிலோவாட் கலத்துக்கு 30 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு டிராய் அவுன்ஸ். உலகம் முழுவதும் ஆண்டுக்கு விற்கும் எரிபொருள் கல வாகனங்கள் பத்தாயிரங்களில்தான் இருக்கின்றன. 15,000 வாகனங்கள் என்றாலும் அரை டன்னுக்கும் குறைவான பிளாட்டினம்தான். டீசல், பெட்ரோல் வண்டிகளின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கிக்கு ஆண்டுக்கு 90 டன் அளவுக்குப் போகிறது. பொறியாளர்களோ கிலோவாட்டுக்கான கிராமைக் குறைக்கத்தான் முழுமூச்சாக உழைக்கிறார்கள். எரிபொருள் கலம் மலிவானால் அதற்கு ஒரு காரணம் அதில் பிளாட்டினம் குறைந்ததாக இருக்கும்!

சுரங்க நிறுவனம் விற்பது பிளாட்டினத்தை மட்டுமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. இம்பாலா, நார்தாம், சிபான்யே-ஸ்டில்வாட்டர், 2025-ல் ஆங்கிலோ அமெரிக்கனிலிருந்து பிரிந்து வால்டெர்ரா என்று பெயர் மாறிய நிறுவனம் என எல்லாமே பல்லேடியம், ரோடியம், நிக்கல், குரோம் என்று ஒரு கூடையாகத்தான் வருவாய் பார்க்கின்றன. பல்லேடியமும் ரோடியமும் பெரும்பாலும் பெட்ரோல் வண்டியின் வினையூக்கிக்குப் போகின்றன. பேட்டரிக் கார் பெருகினால் அந்த வருவாய் தேயும். எதிர்காலத் தூய எரிசக்தி என்று நினைத்து நீங்கள் வாங்கிய பங்கின் லாபம் இன்று பெட்ரோல் காரை நம்பித்தான் நிற்கிறது. ஆழ்சுரங்க வேலைநிறுத்தம், அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கட்டணம், ரேண்டு மதிப்பு ஆகியவை அதன்மேல் வரும் கூடுதல் அபாயங்கள். 2025-ல் பிளாட்டினம் விலை வேகமாக ஏறியபோது ஹைட்ரஜன் காலம் வந்துவிட்டது என்றார்கள். சந்தையில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும், நகைக்கும் முதலீட்டுக்கும் வாங்கியவர்கள் கூடியதுமே அதற்குப் பெரிய காரணங்கள்.

பிளாட்டினம் விலை ஏறும் என்றுதான் உங்கள் நம்பிக்கை என்றால், உலோகத்தையே பெட்டகத்தில் வைத்திருக்கும் நியூபிளாட் போன்ற ஈடிஎஃப், அதாவது பங்கைப் போலவே வாங்கி விற்கக்கூடிய நிதி, ஜோகன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் கிடைக்கிறது. அதில் வேலைநிறுத்தமோ சுரங்க விபத்தோ நேரடியாக உங்கள் தலையில் விழாது. ஆனால் அதுவும் ஹைட்ரஜன் முதலீடு ஆகாது.

எல்லா எரிபொருள் கலத்துக்கும் பிளாட்டினம் வேண்டும் என்பதும் தவறு. அமெரிக்காவின் புளூம் எனர்ஜி செய்யும் திட ஆக்சைடு கலம் 700 டிகிரிக்கு மேல் பீங்கான் தகட்டில் இயங்குகிறது, பிளாட்டினம் தேவையில்லை. காரவகை எலக்ட்ரோலைசரில் நிக்கல் போதும். சீனத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் இந்த வகையைத்தான் செய்கின்றன. சவ்வு வகை எலக்ட்ரோலைசருக்கு இரிடியம் வேண்டும். அது பிளாட்டினத்தோடு கூடவே கிடைக்கும் துணை உலோகம், உலகம் முழுவதும் ஆண்டுக்கு எட்டு டன் அளவுக்குத்தான் வருகிறது. விலை ஏறினாலும் இரிடியத்துக்காக மட்டும் யாரும் புதுச் சுரங்கம் தோண்டப்போவதில்லை.

‘தூய்மையானது’ என்ற சொல்லோடு நின்றுவிடுவது

எரிபொருள் கலத்தின் குழாயிலிருந்து தண்ணீர்தான் வரும். ஆனால் அதற்குள் எது போகிறது என்பதுதான் கேள்வி. 2014-ல் ஜோகன்னஸ்பர்க்கில் சுரங்க அதிபர்கள் சங்கக் கட்டடத்துக்கு மின்சாரம் கொடுக்க நிறுவிய 100 கிலோவாட் கலம் இயற்கை எரிவாயுவில் ஓடியது. புளூம் எனர்ஜி தரவு மையங்களுக்கு விற்கும் பெட்டிகளிலும் பெரும்பாலும் அதே எரிவாயுதான். நல்ல வணிகமாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கார்பன் இல்லாத முதலீடு என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம் உங்களுக்குத்தான்.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. எஸ்காமின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு. அந்த மின்சாரத்தில் எலக்ட்ரோலைசரை ஓட்டினால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியவைத்துச் செய்தால் 9, 10 கிலோதான். எலக்ட்ரோலைசர் இருக்கிறது என்பதாலேயே அது பச்சையாகிவிடாது, எரிவாயு வழியைவிட ஐந்து மடங்கு அழுக்காகவும் இருக்கலாம்.

சரி, சோலாரோடு நேரடியாக இணைக்கிறோம் என்பார்கள். அப்போது அடுத்த கேள்வி, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? 10 மெகாவாட் எலக்ட்ரோலைசர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 4,300 கிலோ போல வரும். சோலார் மட்டும் என்றால் அதில் கால்வாசி, ஆயிரத்துச் சொச்சம் கிலோ. கருவியின் விலை மாறாது, விற்கும் சரக்கு கால்வாசியாகிவிடும். திட்ட அறிக்கையில் மெகாவாட்டைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு ஆண்டு உற்பத்தியை டன்னில் எங்கும் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாதிரி வண்டி ஓடினால் தொழிலும் ஓடும் என்று நம்புவது

2022 மே மாதம் மொகலக்வேனா சுரங்கத்தில், அதிபர் ராமபோசா முன்னிலையில் ஒரு ராட்சத லாரி ஓடிக் காட்டியது. சுமை 290 டன், திறன் 2 மெகாவாட். உள்ளே 100 கிலோவாட் எரிபொருள் கலம் எட்டு, கூடவே 1.2 மெகாவாட் மணி பேட்டரி. திறனில் பாதிக்கு மேல் பேட்டரியிலிருந்து வந்தது என்பதைச் செய்திகள் அவ்வளவாகப் பேசவில்லை. அந்த மின்னமைப்பைச் செய்த ஃபர்ஸ்ட் மோட் நிறுவனம் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. அடுத்த ஆண்டு அதன் சொத்துகள் என்ஜின் நிறுவனமான கம்மின்ஸ் கைக்குப் போயின. இத்தனைக்கும் லாரி நிஜமாகவே ஓடியது. அமெரிக்க லாரி நிறுவனமான நிகோலா 2018-ல் வெளியிட்ட காணொளியில் லாரி சரிவில் உருண்டுதான் ஓடியது. நிறுவனர் மீது 2022-ல் மோசடிக் குற்றம் நிரூபணமானது, பின்னர் மன்னிப்புக் கிடைத்தது. நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவாலானது.

ஒப்பந்தம் என்று செய்தி வந்தால் அது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் யாரும் பணம் கட்டுவதில்லை. முன்பணத்தோடு வரும் கொள்முதல் ஆணை வேறு. திட்டத்துக்கு இறுதி முதலீட்டு முடிவு எடுத்தாகிவிட்டது என்பது இன்னும் வேறு. வடக்குக் கேப் கடற்கரையில் உள்ள போகோபாயிலிருந்து ஹைட்ரஜன் ஏற்றுமதி செய்வது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள், அங்கே ஆழ்கடல் துறைமுகமே இனிமேல்தான் கட்ட வேண்டும்.

ஆண்டறிக்கையில் வருவாயை மட்டும் பார்ப்பது

பிளக் பவரை எடுத்துக்கொள்வோம். கிடங்கு ஃபோர்க்லிஃப்ட்டுகளில் எரிபொருள் கலத்தை நிஜமாகவே விற்ற நிறுவனம். அமேசானும் வால்மார்ட்டும் அதன் வாடிக்கையாளர்கள். ஆனால் அவர்கள் வாங்குவதற்கு ஈடாகத் தன் பங்குகளை மலிவாகப் பெறும் உரிமையைக் கொடுத்திருந்தது. அதன் செலவை வருவாயிலிருந்து கழித்தபோது 2020-ஆம் ஆண்டு முழுமைக்கும் வருவாயே பூஜ்யத்துக்குக் கீழே போனது. இந்த ஹைட்ரஜன் அலையில் அந்தப் பங்கு உச்சத்தைத் தொட்டது 2021 ஜனவரியில்! பின்னர் பழைய கணக்குகளைத் திருத்தி எழுதினார்கள். 2023 நவம்பரில் நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்ற ஐயத்தை அவர்களே அறிக்கையில் எழுதினார்கள். புதுப்புதுப் பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டியதில் பங்குகளின் எண்ணிக்கை 2020-லிருந்து மூன்று மடங்குக்கு மேல் ஆனது. தொழில் வளர்ந்தாலும் உங்கள் கையில் இருக்கும் துண்டு சுருங்கிக்கொண்டே போகும்.

எனவே அறிக்கையைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மொத்த லாபம், அதாவது விற்ற விலையில் செய்த செலவு போக மிஞ்சியது. அது கழித்தலில் இருந்தால், அதிகம் விற்க விற்க நஷ்டமும் கூடும். அடுத்து கையிருப்புப் பணத்தைக் காலாண்டுச் செலவால் வகுங்கள். நான்குக்குக் கீழே வந்தால் ஓராண்டுக்குள் புதுப் பங்கு வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாகப் பங்கு எண்ணிக்கையை ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். பிறகு உத்தரவாதச் செலவுக்கு ஒதுக்கிய தொகை.

உத்தரவாதத்தை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால், கலம் தேயும். கனரக வாகனத்துக்கு 25,000 மணி நேர ஆயுள் என்பதே பெரிய இலக்கு. இடைவிடாமல் ஓடும் மின்நிலையத்தில் அது மூன்று ஆண்டுகூட வராது, ஏனென்றால் ஓராண்டுக்கே 8,760 மணி நேரம். எரிபொருளில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். காற்றுப் பக்கமும் அப்படித்தான். ம்புமலாங்காவின் நிலக்கரி மின்நிலையப் பகுதியில் கந்தக டை ஆக்சைடு, டர்பன் கரையில் உப்புக் காற்று, இரண்டுக்கும் சாதாரணத் தூசி வடிகட்டி போதாது, ரசாயன வடிகட்டி வேண்டும், அதை மாற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். கலத்தொகுதியை மாற்றும் செலவு யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தால், கடைசியில் அது பங்குதாரர் தலையில்தான் விழும்.

பட்டியலில் இல்லாத ‘ஹைட்ரஜன் நிதி’

வாட்ஸ்அப் குழுக்களிலும், சீட்டுப் போல மாதாமாதம் பணம் சேர்க்கும் ஸ்டோக்வெல் கூட்டங்களிலும் வருவது இந்த வகை. தண்ணீரில் ஓடும் வண்டி, பெட்ரோலைப் பாதியாக்கும் வாயுப் பெட்டி, மாதம் இத்தனை விழுக்காடு நிச்சயம் என்று சொல்லும் ஹைட்ரஜன் நிதி. வண்டியின் மின்சாரத்தைக் கொண்டே தண்ணீரைப் பிரித்து அந்த வாயுவால் அதே வண்டியை ஓட்ட முடியாது. மேலே போட்ட 58-க்கு 16 கணக்கே அதற்குப் பதில். மாத வருமானம் நிச்சயம் என்பவரிடம் நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்எஸ்சிஏ கொடுத்த உரிம எண்ணைக் கேளுங்கள். அதை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுத் தேடுங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது, அந்த உரிமம் எந்த வகைச் சேவைக்கு என்றும் படியுங்கள். காப்பீடு விற்க உரிமம் வாங்கிய ஒருவர் அதே எண்ணைக் காட்டி முதலீட்டுப் பணம் வசூலிக்க முடியாது. நிறுவனப் பதிவு எண் மட்டும் இருக்கிறது என்றால், சில நூறு ரேண்டில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து வாங்கும் எண் அது.