கடலடி வெந்நீர் ஊற்றில் மின்சாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழ்கடலில் சென்சார் வைப்பவர்களுக்குத் தீராத தலைவலி பேட்டரிதான். அது தீர்ந்துபோனால் மாற்றுவதற்கென்றே ஒரு கப்பல் கிளம்ப வேண்டும். பக்கத்திலேயே 350 டிகிரி வெந்நீர் பீறிடுகிறது, சுற்றிலும் கடல் 2 டிகிரியில் கிடக்கிறது. இந்த வித்தியாசத்தில் மின்சாரம் எடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இந்த இரண்டு எண்களை மட்டும் நம்பிக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு.

ஏட்டுக் கணக்கில் வெப்பத்தில் 56 சதவீதம் வரை வேலையாக மாறலாம். ஆனால் இங்கே பயன்படுவது பிஸ்மத் டெல்லுரைடு தெர்மோஎலெக்ட்ரிக் தகடு, அதாவது ஒரு முகம் சூடாகவும் மறு முகம் குளிர்ந்தும் இருந்தால் மின்சாரம் தரும் தகடு. அதில் சில சதவீதம் தேறினாலே பெரிய விஷயம். அதுவும் ஊற்றுக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசத்தில் அல்ல, தகட்டின் இரு முகங்களுக்கு இடையே மிஞ்சும் வித்தியாசத்தில். நடுவில் டைட்டானிய உறை வேறு இருக்கிறது. அது அரிக்காது, ஆனால் வெப்பம் கடத்துவதில் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. சரி, செம்பையே போடலாமே என்றால், ஊற்று நீரின் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைத் தின்றுவிடும். சூட்டுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு குளிர்ப் பக்கத்தை மறப்பவர்களும் உண்டு. தகட்டைத் தாண்டி வந்த வெப்பம் கடலில் கலக்க வழியில்லை என்றால் இரண்டு முகமும் சூடாகி, மின்சாரம் படுத்துவிடும்.

அடுத்தது, ஊற்றின் வாயிலேயே கருவியை நுழைப்பது. 1979இல் கிழக்கு பசிபிக் மேட்டில் 'ஆல்வின்' நீர்மூழ்கி முதன்முதலாகக் கரும்புகை ஊற்றில் (கருப்புப் புகை போல வெந்நீரைக் கக்கும் ஊற்று) வெப்பமானியை நீட்டியபோது, அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் தண்டு உருகிப்போனது. ஆல்வினின் ஜன்னல்களும் ஒருவகை பிளாஸ்டிக்தான் என்பதை உள்ளே இருந்தவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்கள்! பிஸ்மத் டெல்லுரைடும் சுமார் 250 டிகிரிக்கு மேல் தாங்காது. வாயை விட்டு விலகி, கதகதப்பான நீர் கசியும் இடமே என் தேர்வு. வித்தியாசம் குறைவுதான், ஆனால் கருவி உயிரோடு இருக்கும்.

படிவுதான் எல்லாவற்றிலும் மோசம். போர் தண்ணீர் ஓடும் வீட்டில் கெய்சர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கடல்நீரில் உள்ள கால்சியம் சல்ஃபேட்டோ நேர்மாறு. நீர் சுமார் 150 டிகிரியைத் தாண்டினால் அது வெள்ளைப் பாறையாகப் படியும். ஊற்றின் புகைபோக்கிச் சுவர் உருவாவதே அப்படித்தான். சூடான தகட்டை அங்கே வைத்தால் அதன்மேலும் சுவர் எழும், கூடவே உலோக சல்ஃபைடுகளும் சேரும். முதல் நாள் கிடைத்த வாட் கணக்கை வைத்து ஓராண்டுக்குத் திட்டம் போடக் கூடாது.

சராசரி மின்சாரம் போதும் என்று நினைப்பதும் தவறு. சென்சார் தூங்கும்போது மில்லிவாட் போதும். தண்ணீருக்குள் ஒலி வழியாகப் பேசும் ஒலி மோடம் தகவல் அனுப்பும் சில நொடிகளில் பல வாட் கேட்கும். ஆகவே சேமிக்க ஒரு சிறிய ரீசார்ஜ் பேட்டரி எப்படியும் வேண்டும்.

ஊற்று நிரந்தரம் என்றும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால், இத்தகைய ஊற்றுகள் உள்ள ஆக்சியல் என்ற கடலடி எரிமலை 1998, 2011, 2015 என மூன்று முறை வெடித்தது. 1998இல் அங்கிருந்த ஒரு கருவி லாவாவில் சிக்கியது. மறு ஆண்டு அதைப் பெயர்த்து எடுத்தார்கள். லாவா தன்னைச் சுமார் 3 மீட்டர் தூக்கி மறுபடி இறக்கியதை அது பதிவு செய்து வைத்திருந்தது. ஓடியது பேட்டரியில்தான்.